தீவிர ஸ்ட்ரெப் தொற்றும் மருந்து எதிர்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கிருமியைப் பற்றிய பேச்சு இது?

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ். ஆய்வகத்தில் 'குரூப் ஏ ஸ்ட்ரெப்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் தருவதும், தோலில் சீழ்க்கொப்புளம் கிளப்புவதும் இதுதான். பெரும்பாலோருக்கு அதோடு சரி. சிலருக்கு மட்டும் இது ரத்தத்துக்குள்ளோ, தசையைச் சுற்றிய உறைக்குள்ளோ, நுரையீரலுக்குள்ளோ புகுந்துவிடுகிறது. இதைத்தான் 'இன்வேசிவ்', அதாவது ஊடுருவும் தொற்று என்கிறோம். தசையுறை அழுகும் நெக்ரோடைசிங் ஃபாஸைட்டிஸ் வந்தால், உரிய சிகிச்சை கிடைத்தும் ஐந்தில் ஒருவர் வரை இறக்கிறார். நச்சு அதிர்ச்சி, அதாவது டாக்ஸிக் ஷாக், வந்தால் பத்தில் மூன்று பேராவது பிழைப்பதில்லை.

பென்சிலின் இதற்கு வேலை செய்யாமல் போய்விட்டதா?

இல்லை. 1940-களில் பென்சிலின் புழக்கத்துக்கு வந்ததிலிருந்து இன்றுவரை, நோயாளிகளிடமிருந்து எடுத்த குரூப் ஏ கிருமிகளில் பென்சிலினுக்கு அடங்காத ஒன்று உறுதிசெய்யப்பட்டதில்லை. 'மருந்துக்கு அடங்காத சதை தின்னும் கிருமி' என்று வரும் வாட்ஸ்அப் செய்திகள் இரண்டு தனித்தனி விஷயங்களைப் போட்டுக் குழப்புகின்றன. இந்தக் கிருமி ஆபத்தானது என்பது உண்மை. சில மருந்துகளுக்கு அடங்குவதில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சில மருந்துகளில் பென்சிலின் இல்லை.

எண்பது ஆண்டாக ஒரே மருந்துக்கு அடங்கியே இருப்பது எப்படி?

இதன் நெருங்கிய உறவான, நிமோனியா தரும் நிமோகாக்கஸ் அப்படி இல்லை. பென்சிலினுக்கு முழுதாக அடங்காத நிமோகாக்கஸ் 1967-லேயே ஆஸ்திரேலியாவில் பதிவாகிவிட்டது. அந்தக் கிருமி வெளியில் கிடக்கும் டி.என்.ஏ. துண்டுகளை எளிதில் உள்வாங்கும். வாயில் குடியிருக்கும் மற்ற ஸ்ட்ரெப்புகளின் மரபணுவைக் கடன் வாங்கி, பென்சிலின் ஒட்டும் புரதத்தையே உருமாற்றிக்கொண்டது. குரூப் ஏ-க்கு அந்தக் கைவேலை அவ்வளவாக வராது. பென்சிலினை உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியும் அதனிடம் இல்லை. தன் புரதத்தை மாற்றிக்கொண்டால் அதன் வளர்ச்சியும் நோய் உண்டாக்கும் பலமும் குன்றிவிடுகின்றன என்பது இன்னொரு விளக்கம்.

ஆனால் அசட்டையாக இருக்க முடியாது. அமெரிக்காவின் சியாட்டிலில் கிடைத்த இரண்டு கிருமிகளில் 'பி.பி.பி. 2எக்ஸ்' என்ற அந்தப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. பென்சிலின் குடும்பத்து ஆம்பிசிலினைத் தாங்கும் அளவு சுமார் எட்டு மடங்கு கூடியிருந்தது. எட்டு மடங்கு கூடியும் அது 'அடங்கும்' என்ற வரம்புக்குள்ளேயே இருந்தது. முதல் படி ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எதிர்ப்பு எந்த மருந்துகளுக்கு?

முக்கியமாக எரித்ரோமைசின், அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகிய மேக்ரோலைடுகளுக்கு. அவற்றோடு கிளிண்டாமைசினுக்கு. டெட்ராசைக்ளினுக்கும் பரவலாக உண்டு.

அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. 10 மாநிலங்களில் ஊடுருவும் தொற்றுகளைத் தொடர்ந்து கணக்கெடுக்கிறது. 2013-ல் மேக்ரோலைடுக்கும் கிளிண்டாமைசினுக்கும் அடங்காதவை 12.7 சதவீதம். 2022-ல் 33.1 சதவீதம். இதே காலத்தில் நோயும் ஒரு லட்சம் பேருக்கு 3.6 என்பதிலிருந்து 8.2 ஆகிவிட்டது. இரண்டும் சேர்ந்து ஏறினால் எண்ணிக்கை எப்படிப் பெருகும் என்று போட்டுப் பாருங்கள்: 8.2-ல் மூன்றில் ஒரு பங்கு என்றால் 2.7. 3.6-ல் 12.7 சதவீதம் என்றால் அரைக்கும் குறைவு. அடங்காத கிருமியால் வரும் தீவிரத் தொற்று ஒன்பது ஆண்டில் ஏறத்தாழ ஆறு மடங்கு.

சீனாவில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே எரித்ரோமைசினுக்கு அடங்காதவை பல ஆய்வுகளில் 90 சதவீதத்தைத் தாண்டுகின்றன. 2011-ல் ஹாங்காங்கில் செங்காய்ச்சல் (ஸ்கார்லெட் ஃபீவர்) பெருகியபோது பரவிய 'எம்ம் 12' ரகத்தில் (குரூப் ஏ ரகங்களை 'எம்ம்' மரபணுவை வைத்து எண்ணிடுவார்கள்), மேக்ரோலைடு எதிர்ப்பும் டெட்ராசைக்ளின் எதிர்ப்பும் ஒரே மரபணுத் துண்டில் சேர்ந்தே பயணித்தன. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட முன்னுரிமைக் கிருமிகள் பட்டியலில் மேக்ரோலைடுக்கு அடங்காத குரூப் ஏ ஸ்ட்ரெப் புதிதாக இடம்பெற்றது.

பென்சிலின் கேட்கிறதே, பிறகு கிளிண்டாமைசின் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன?

சாதாரணத் தொண்டைப் புண்ணுக்கு ஒன்றுமில்லை. தீவிரத் தொற்றில் அப்படியல்ல.

பென்சிலின் கிருமியின் சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கிறது. சுவர் கட்டிக்கொண்டிருக்கும், அதாவது பெருகிக்கொண்டிருக்கும் கிருமியிடம்தான் அதன் ஆட்டம் செல்லும். அழுகிய தசையில் கிருமிகள் கோடிக்கணக்கில் நெருக்கியடித்து, இரை தீர்ந்து, பெருகாமல் உட்கார்ந்திருக்கும். அவற்றிடம் பென்சிலின் மந்தம். 1952-ல் ஹாரி ஈகிள் எலிகளில் இதைக் காட்டினார்: சிகிச்சை தாமதமாகி, கிருமி பெருத்துவிட்ட பிறகு பென்சிலின் சரியாக எடுபடவில்லை. இதற்கு 'ஈகிள் விளைவு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கிளிண்டாமைசின் ரைபோசோமைப் பிடிக்கிறது. புரதம் தயாராகும் பட்டறை அது. கிருமி பெருகினாலும் சும்மா இருந்தாலும் பட்டறை நின்றால் நச்சு வெளிவராது. டாக்ஸிக் ஷாக்கில் ரத்த அழுத்தத்தைக் கவிழ்ப்பது அந்த நச்சுதான். ஆகவே தீவிரத் தொற்றில் பென்சிலின் கிருமியைக் கொல்ல, கிளிண்டாமைசின் நச்சை நிறுத்த என்று இரண்டும் சேர்த்தே கொடுக்கப்படுகின்றன. எதிர்ப்பு இந்த இரண்டாவது கையைத்தான் முறிக்கிறது.

கிருமி எப்படித் தப்புகிறது?

இரண்டு வழி.

முதல் வழியில் 'எர்ம்' என்ற மரபணு, ரைபோசோமின் 23எஸ் ஆர்.என்.ஏ.-வில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மீத்தைல் குழுவை ஒட்டிவிடுகிறது. மருந்து உட்காரும் நாற்காலியில் முள் வைத்த மாதிரி. எரித்ரோமைசின், அசித்ரோமைசின், கிளிண்டாமைசின் மூன்றுக்கும் அதே நாற்காலிதான் என்பதால் மூன்றும் ஒன்றாகப் போய்விடும். எர்ம்-ஏ, எர்ம்-பி, எர்ம்-டி (T) என்று ரகங்கள் உண்டு. அமெரிக்காவில் ஊசி வழி போதைப்பொருள் எடுப்பவர்களிடமும் வீடற்றவர்களிடமும் பரவிய 'எம்ம் 92' ரகத்தில் இருப்பது எர்ம்-டி.

இரண்டாம் வழியில் 'மெஃப்-ஏ' என்ற மரபணு, உள்ளே வந்த மேக்ரோலைடை வெளியே இறைத்துத் தள்ளும் பம்பை உருவாக்குகிறது. இந்தப் பம்பு கிளிண்டாமைசினைத் தொடாது. எரித்ரோமைசின் தோற்றாலும் கிளிண்டாமைசின் நிற்கும்.

ரிப்போர்ட்டில் எரித்ரோமைசின் 'ஆர்' (அடங்காது), கிளிண்டாமைசின் 'எஸ்' (அடங்கும்) என்று இருக்கிறது. கிளிண்டாமைசினை நம்பலாமா?

இரண்டு மருந்துகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் டி-டெஸ்ட் செய்யாத ரிப்போர்ட் என்றால் நம்பக் கூடாது. அந்த ஒரே விடை இரண்டு விதக் கிருமிகளிடமிருந்து வரலாம். ஒன்று பம்பு வைத்த கிருமி. அதனிடம் கிளிண்டாமைசின் நிஜமாகவே வேலை செய்யும். மற்றொன்று எர்ம் மரபணுவைத் தூங்க வைத்திருக்கும் கிருமி. எரித்ரோமைசின் பக்கத்தில் வந்தால் அது விழித்துக்கொள்ளும். கிளிண்டாமைசின் மட்டும் தனியாக வைத்தால் தூங்கிக்கொண்டே 'எஸ்' காட்டி ஏமாற்றும்.

டி-டெஸ்ட்டின் செய்முறை இது. 18 முதல் 24 மணி நேரம் வளர்ந்த காலனிகளை உப்புநீரில் கரைத்து 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற நிலையான கலங்கல் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். 5 சதவீதம் ஆட்டு ரத்தம் சேர்த்த முல்லர்-ஹின்டன் தட்டில் சீராகப் பூச வேண்டும். மருந்து தோய்த்த காகித வில்லைகளான 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் வில்லையையும் 2 மைக்ரோகிராம் கிளிண்டாமைசின் வில்லையையும் விளிம்புக்கு விளிம்பு 12 மி.மீ. தள்ளி வைக்க வேண்டும். 35 டிகிரி செல்சியஸில், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடில், 20 முதல் 24 மணி நேரம். மறுநாள் கிளிண்டாமைசினைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தைப் பாருங்கள். எரித்ரோமைசின் பக்கம் தட்டையாகி, ஆங்கில 'டி' (D) எழுத்தைப் போல நறுக்கிவிட்டதாகத் தெரிந்தால் எர்ம் விழித்துக்கொண்டது. கிளிண்டாமைசினை 'ஆர்' என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். வட்டம் வட்டமாகவே இருந்தால் பம்பு ரகம். 'எஸ்' என்றே விடலாம்.

இந்தச் சோதனையில் எங்கே பிழை நேர்கிறது?

அடிக்கடி நேர்வது அளவெடுப்பில். இந்தக் கிருமி ரத்தத்தைக் கரைத்துத் தட்டைக் கண்ணாடி மாதிரி தெளிவாக்கும். அந்தத் தெளிந்த பகுதியை மருந்தின் வட்டம் என்று அளந்துவிடுவார்கள். அளக்க வேண்டியது வளர்ச்சி நின்ற எல்லையை. தட்டைச் சாய்த்து, மூடியைத் திறந்து, மேலிருந்து விழும் ஒளியில் பார்த்தால் பனிப்படலம் போன்ற வளர்ச்சி எங்கே நிற்கிறது என்று தெரியும். 

அடுத்தது இடைவெளி. ஸ்டஃபிலோகாக்கஸுக்கு 15 முதல் 26 மி.மீ. வரை இருக்கலாம். அதே கைப்பழக்கத்தில் ஸ்ட்ரெப்புக்கும் வைத்தால் தட்டையாவது தெரியாமலே போகும். வில்லை போடும் இயந்திரத்தின் இடைவெளி ஸ்ட்ரெப்புக்கு அதிகம் என்பதால் கையால் வைப்பதே நல்லது.

கார்பன் டை ஆக்சைடு தட்டின் அமிலத்தன்மையைக் கூட்டி மேக்ரோலைடின் வீரியத்தைக் குறைக்கும். அளவுகோல் வட்டங்கள் 5 சதவீதத்துக்கே வகுக்கப்பட்டவை. மெழுகுவர்த்தியை எரியவிட்டு மூடும் ஜாடியில் வைத்துவிட்டு அதே அளவுகோலால் அளந்தால் கணக்கு தப்பும். கலங்கல் கூடினால் வட்டம் சுருங்கும், தட்டு 4 மி.மீ. தடிமனைவிட மெலிந்தால் வட்டம் விரியும்.

ரிப்போர்ட்டில் பென்சிலினே 'ஆர்' என்று வந்துவிட்டது. என்ன செய்வது?

கிருமியைச் சந்தேகிப்பதற்கு முன் ரிப்போர்ட்டைச் சந்தேகியுங்கள். ஒருவேளை அது குரூப் ஏ ஸ்ட்ரெப்பே இல்லை. குரூப் ஏ-வை அடையாளம் காணச் செய்யும் பி.ஒய்.ஆர். சோதனையில், குடலில் வாழும் என்டிரோகாக்கஸும் நேர்மறை காட்டும். குரூப் ஏ சர்க்கரையைச் சுமக்கும் வேறு ஸ்ட்ரெப் இனங்களும் உண்டு. ஊசிமுனை அளவு காலனி வைக்கும் ஆஞ்ஜினோசஸ் அதில் ஒன்று. தட்டில் வேறு கிருமி கலந்திருக்கலாம், குளிர்பெட்டிக்கு வெளியே கிடந்து வில்லை செத்திருக்கலாம். தூய காலனியிலிருந்து மறுபடி அடையாளம் கண்டு, மறுபடி சோதித்து, இரண்டாம் முறையும் அதே விடை வந்தால் குறிப்பாய்வகத்துக்கு (ரெஃபரன்ஸ் லேப்) அனுப்ப வேண்டும். கிருமியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உண்மையாக இருந்தால் உலகம் முழுக்கப் பேசப்படும் செய்தி அது.

தீவிரத் தொற்றுக்கு என்ன அளவில் மருந்து கொடுக்கிறார்கள்?

பெரியவர்களுக்குப் பென்சிலின் ஜி 20 முதல் 40 லட்சம் யூனிட் வரை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நரம்பு வழியாக. கிளிண்டாமைசின் 600 முதல் 900 மி.கி. வரை 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் பென்சிலினைக் குறைக்க வேண்டும். எந்தக் கிருமி என்று தெரியாத முதல் மணி நேரங்களில் இது போதாது. அப்போது வான்கோமைசின் அல்லது லினிசோலிடுடன் பைப்பரசிலின்-டாசோபாக்டம் போன்ற அகன்ற வீச்சு மருந்தைத் தொடங்கி, குரூப் ஏ என்று உறுதியானதும் பென்சிலினுக்கும் கிளிண்டாமைசினுக்கும் இறங்குவார்கள். இறங்கத் தயங்குகிறவர்கள் உண்டு. கார்பபெனம் 'பெரிய' மருந்து, பென்சிலின் 'பழைய' மருந்து என்ற நினைப்பு. இந்தக் கிருமிக்குப் பென்சிலினைவிடப் பெரிய மருந்து கிடையாது.

கிளிண்டாமைசினும் கேட்கவில்லை என்றால்?

நச்சை நிறுத்தும் வேலைக்கு லினிசோலிட் 600 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. அதுவும் ரைபோசோமைத்தான் பிடிக்கிறது, ஆனால் எர்ம் முள் வைக்கும் நாற்காலி அதற்கு வேண்டாம். இரண்டு வாரம் நெருங்கும்போது பிளேட்லெட் குறையும், எண்ணிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மனச்சோர்வுக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரை எடுப்பவரா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் செரடோனின் மிகையாகும் ஆபத்து உண்டு.

சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட் வர இரண்டு நாளாகும். ஊரில் எதிர்ப்பு அதிகம் என்று தெரிந்திருந்தால் முதல் டோஸிலிருந்தே லினிசோலிட் வைப்பதில் தவறில்லை. டாக்ஸிக் ஷாக்கில் எதிர்ப்பொருள் கலவையான இம்யூனோகுளோபுலினும் சில இடங்களில் கொடுக்கப்படுகிறது: முதல் நாள் கிலோவுக்கு 1 கிராம், இரண்டாம் மூன்றாம் நாள் அரை கிராம்.

இதில் எதுவுமே அறுவை சிகிச்சைக்கு மாற்றல்ல. அழுகிய திசுவுக்கு ரத்தம் போவதில்லை, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போவதில்லை. கத்தி தாமதமாகிக் கெட்டதை 'மருந்து எதிர்ப்பு' என்று எழுதிவிடும் வழக்கம் நல்லதல்ல.

பென்சிலின் அலர்ஜி என்றால்?

எதிர்ப்பு உண்மையில் கடிப்பது இங்கேதான். பென்சிலின் இல்லை என்றதும் கை நேராக அசித்ரோமைசினுக்கும் கிளிண்டாமைசினுக்கும் போகும். அமெரிக்காவில் பத்தில் ஒருவர் தமக்குப் பென்சிலின் ஆகாது என்கிறார். சோதித்தால் நிஜ அலர்ஜி மொத்த மக்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. சின்ன வயதில் மாத்திரை சாப்பிட்டு வயிற்றைப் பிரட்டியது அலர்ஜி ஆகாது. என்ன நடந்தது, எத்தனை நிமிடத்தில், எத்தனை வருடத்துக்கு முன் என்று மூன்று கேள்வி கேட்டாலே பலரின் அட்டையிலிருந்து அந்தச் சிவப்பு எழுத்தை அழித்துவிடலாம். லேசான அலர்ஜி என்றால் செஃபாலோஸ்போரின் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். மூச்சுத் திணறல், முகம் வீங்கல் என்று நிஜமாகவே வந்தவருக்கு வான்கோமைசின், லினிசோலிட், டாப்டோமைசின் இருக்கின்றன.

ஜென்டாமைசின், கோ-டிரைமாக்சசோல் கொடுக்கலாமா?

ஜென்டாமைசின் தனியாக வேண்டாம், அது கிருமிக்குள் சரியாக நுழைவதே இல்லை. கோ-டிரைமாக்சசோல் விஷயம் சுவாரஸ்யமானது. ஃபோலேட் தயாரிப்பைத் தடுப்பது அதன் வேலை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2022-ல் கண்ட ஒரு குரூப் ஏ கிருமி, நோயாளியின் உடலிலிருந்தே ஃபோலேட்டை உறிஞ்சிக்கொண்டது. தட்டில் மருந்துக்கு அடங்கியது, உடலுக்குள் அடங்காது. வழக்கமான சோதனை இதைப் பிடிக்காது.

2022 இறுதியில் பிரிட்டனில் இந்தக் கிருமியால் குழந்தைகள் இறந்தது எதிர்ப்பால்தானா?

இல்லை. அங்கே முன்னே நின்ற 'எம்1-யூகே' ரகம் பென்சிலினுக்கு நன்றாகவே அடங்கும். அது 'ஸ்பீ-ஏ' என்ற நச்சைப் பல மடங்கு கூடுதலாகச் சுரக்கிறது. வீரியம் வேறு, எதிர்ப்பு வேறு.

தொண்டை வலிக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் போடுவது இதில் எங்கே வருகிறது?

நடுவில் வருகிறது. இந்தியாவின் தனியார் மருந்து விற்பனையில் 2019-ல் மிக அதிகம் விற்ற ஆன்டிபயாடிக் மாத்திரை அசித்ரோமைசின் 500 மி.கி. தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸ். அவற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் தேவையில்லை. அசித்ரோமைசின் உடலில் பல நாள் மெல்லக் கரைந்தபடி தங்கும். அந்த மெல்லிய அளவில் சாகாமல் மிஞ்சுவது எதிர்ப்பு உள்ள கிருமிதான்.

நிஜமாகவே ஸ்ட்ரெப் என்றால் பென்சிலின் வி அல்லது அமாக்சிசிலின் 10 நாள். மாத்திரை முடிப்பார்களா என்ற சந்தேகம் இருந்தால் பென்சாத்தின் பென்சிலின் ஊசி ஒரே முறை: 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், மேலே 12 லட்சம். ஊசி நன்றாக வலிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பென்சிலின் முடித்தும் தொண்டைப் புண் திரும்பியது. எதிர்ப்பு இல்லையென்றால் பின் என்ன?

பெரும்பாலும் நான்காம் நாள் வலி போனதும் மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். அல்லது வீட்டிலேயே இன்னொருவரிடமிருந்து மறுபடி தொற்றியிருக்கும். அல்லது பிள்ளை கிருமியைச் சும்மா சுமப்பவர், இப்போதைய வலி வைரஸால் வந்தது. தொண்டையில் கூடவே குடியிருக்கும் வேறு கிருமிகள் பென்சிலினை உடைத்துவிடுவதும் உண்டு.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

தோலில் தெரிவதைவிட வலி பல மடங்கு இருந்தால். சின்னக் கீறல், லேசான சிவப்பு, ஆனால் தொடவே விடாத வலியும் காய்ச்சலும் என்றால் அதுவே அறிகுறி. சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். ஒரு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம். கொப்புளமும் கருமையும் பின்னால் வருபவை, அவற்றுக்காகப் பார்த்திருக்கக் கூடாது. சின்னம்மை போட்ட குழந்தைக்கு நான்காம் ஐந்தாம் நாளில் காய்ச்சல் திரும்ப ஏறினாலும், பிரசவமான சில நாட்களில் தாய்க்குக் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்தாலும் அதே அவசரம்.

ரத்தக் கல்ச்சருக்கு (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) இரண்டு செட், பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி., மருந்துக்கு முன்னே எடுத்துவிட வேண்டும். எடுக்க முடியவில்லை என்பதற்காக மருந்தை நிறுத்திவைக்கக் கூடாது. அறுவையில் வெட்டியெடுத்த திசுத் துண்டை அனுப்புங்கள். புண்ணின் மேல் துடைத்த பஞ்சு அதற்கு ஈடாகாது.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களும் மருந்து சாப்பிட வேண்டுமா?

எல்லோருக்கும் தேவையில்லை. கூடவே வசித்தவர்களில் 65 வயதைக் கடந்தவர், பிரசவம் நெருங்கியவர் அல்லது அண்மையில் பிரசவித்தவர், பச்சிளம் குழந்தை, சின்னம்மை போட்டவர் ஆகியோருக்கு மருத்துவர் தடுப்பு மருந்து யோசிப்பார். வழக்கமாகப் பென்சிலின் வி 10 நாள். அசித்ரோமைசின்தான் தர வேண்டிய நிலை வந்தால், நோயாளியின் கிருமி எரித்ரோமைசினுக்கு அடங்குமா என்று ஆய்வகத்தில் கேட்டுவிட்டுத் தரச் சொல்லுங்கள். வீட்டில் சுற்றுவது அதே கிருமிதான், விடை ஏற்கெனவே அந்த ரிப்போர்ட்டில் இருக்கும். மற்றவர்கள் 30 நாள் வரை காய்ச்சலையும் வலியையும் கவனித்தால் போதும்.